ஆர்க்கிட் கணு பாட்டிலில் கறுத்துப்போகிறது, குருத்தும் வரவில்லை: கரியையும் பிஏபியையும் சேர்த்துப் போடலாமா?

திசு வளர்ப்புக்காக ஃபாலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் பூந்தண்டுக் கணுவைப் பாட்டிலில் வைத்த நான்காம் நாளே மீடியா (கணு வளரும் சத்துக்கூழ்) கறுக்கிறது என்கிறீர்கள். கறுப்பைத் தடுக்கும் கரியையும் (ஆக்டிவேட்டட் சார்கோல்), குருத்தைத் தூண்டும் பிஏபி ஹார்மோனையும் ஒரே பாட்டிலில் போடாதீர்கள். பாளையங்கோட்டையில் நான் முதலில் வைத்த நாற்பது பாட்டிலில் அதைத்தான் செய்தேன். ஒன்றுகூடக் கறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாகியும் ஒரு குருத்துகூட வரவில்லை. கரி, கறுப்புக்குக் காரணமான பீனாலை மட்டும் உறிஞ்சாது, நாம் போடும் ஹார்மோனையும் சேர்த்தே உறிஞ்சிவிடும்.

எங்கள் ஆச்சி வாழைப்பூவை நறுக்க நறுக்க மோர்த்தண்ணியில் போடுவாள். இங்கேயும் சங்கதி அதுதான். வெட்டுப்பட்ட இடத்தில் கசியும் பீனால் காற்றுப்பட்டு, நொதியின் வேலையால் கறுக்கிறது. அந்தக் கறுப்பு திசுவுக்கே விஷம். அதனால் மோருக்குப் பதிலாக லிட்டருக்கு 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலமும் 150 மி.கி. சிட்ரிக் அமிலமும் கரைத்த, கிருமி நீக்கிய தண்ணீரில் கணுவை அரை மணி நேரம் போட்டு வைக்கிறேன். அஸ்கார்பிக் சூட்டில் கெடும், ஆட்டோகிளேவில் (கிருமி நீக்கும் நீராவிக் கலன்) வைக்காமல், கிருமி வடிகட்டியில் வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருமி நீக்கப் பிளீச்சில் முக்கியதில் வெளுத்த இரண்டு நுனிகளையும் புது பிளேடால் அந்தத் தண்ணீருக்குள்ளேயே வெட்டிவிடுங்கள். மழுங்கிய பிளேடு நசுக்கும், நசுங்கினால் கசிவு கூடும்.

அப்புறம், ஹார்மோன் இல்லாத அரை அளவு எம்எஸ் (முராஷிகி-ஸ்கூக் என்ற வழக்கமான சத்துக்கலவை) மீடியாவில் லிட்டருக்கு 1 கிராம் கரி போட்டு, பத்து நாள் இருட்டில் வையுங்கள். அடிப்பக்கத்தைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே புது பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

கசிவு நின்ற பிறகுதான் பிஏபி. கரியில்லாத மீடியாவில் லிட்டருக்கு 3 மி.கி. பிஏபி, 0.5 மி.கி. என்ஏஏ (ஆக்சின் வகை ஹார்மோன்), 100 மி.லி. இளநீர். இளநீரிலேயே பிஏபி வகை ஹார்மோனான சைட்டோகைனின் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கணுவை மூடியிருக்கும் செதிலை முதலிலேயே உரித்திருந்தால், உள்ளே அரிசிமணி போல ஒட்டியிருக்கும் மொட்டு மூன்றாம் வாரம் உப்பிப் பச்சையாவது கண்ணுக்கே தெரியும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.

நம்ம ஊர் வெக்கைக்குப் பயந்து ஏசியை 20க்கு இறக்காதீர்கள். குளிரில் அதே மொட்டு இலைக்குப் பதிலாகப் பூந்தண்டாக நீண்டுவிடும். 27, 28 டிகிரி சரியாக இருக்கும். முதலில் பத்துப் பாட்டில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள்.