கிளாசிக்கல் கிடார்: பெயருக்கு முன்னால் பலகையைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் யமஹா சி40 கிடாரில் பழகி கிரேடு 4 முடித்துவிட்டாள். அடுத்த கிடாருக்கு 70 ஆயிரம் வரை சேர்த்து வைத்திருக்கிறோம். யமஹா, கோர்டோபா, அல்ஹம்ப்ரா, ராமிரெஸ் ஆகிய நான்கில் எது நல்ல கம்பெனி? கடையில் எதைக் காட்டினாலும் 'சாலிட் வுட்' என்கிறார்கள்.
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: நான்குமே மரியாதையான பெயர்கள்தான். ஆனால் ஒரே கம்பெனி பிளைவுட் கிடாரும் செய்யும், மேடைக் கச்சேரிக்கான கிடாரும் செய்யும். அதனால் கம்பெனியைக் கேட்பதைவிட மாடலைக் கேளுங்கள். மாடலில் முதலில் முகப்பலகையைக் கேளுங்கள்.

தஞ்சாவூரில் வீணை வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணையும் ஒட்டு வீணையும் ஏன் வேறு வேறு விலை என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடாரில் அந்த வித்தியாசம் முகப்பலகையில் இருக்கிறது. தந்தியின் அதிர்வு குதிரை (முகப்பில் ஒட்டி, தந்தியைத் தாங்கும் கட்டை) வழியாக இறங்கி அந்தப் பலகையைத்தான் ஆட்டுகிறது. கடைக்காரர் 'சாலிட்' என்று சொல்லும் முழு மரம் இலகுவாக அசையும். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு ரேகை குறுக்கே போவதால் பலகை விறைத்துக்கொள்ளும். சி40-ன் முகப்பு பிளைவுட் வகைதான். தொடக்கத்துக்கு அது குறையில்லாத கிடார். ஆனால் இனிமேல் உங்கள் மகளுக்கு, மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தி மீட்டினால் அழுத்தமாகவும் பேசுகிற பலகை வேண்டும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஒலித்துளையின் ஓரத்தில் செல்போன் டார்ச்சை அடியுங்கள். முகப்பில் ஓடும் மெல்லிய ரேகைகள் விளிம்பில் மடங்கி, பலகையின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். விளிம்பில் பிஸ்கட் போல அடுக்கு தெரிந்தால் பிளைவுட். முகப்பின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு இணைப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே மரத்துண்டைப் புத்தகம் போல இரண்டாக விரித்து ஒட்டுவதுதான் முறை. விலை உயர்ந்த கிடாரிலும் அப்படித்தான்.

நான் முதலில் வாங்கிய கிடாரில் அந்த விளிம்புக்குக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தது. அழகுக்கு என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால், உள்பக்க ரேகைக்கும் வெளிப்பக்க ரேகைக்கும் சம்பந்தமே இல்லை. பில்லில் 'கிடார் - 1' என்று மட்டும் இருந்ததால் கடையில் வாதாட முடியவில்லை.

சரி, உங்கள் பட்ஜெட்டுக்கு வருவோம். யமஹாவில் சிஜி122 பாருங்கள். எம்எஸ் என்று முடிந்தால் முகப்பு ஸ்புரூஸ், எம்சி என்றால் சீடர். இரண்டுமே முழு மரம். கோர்டோபாவில் சி5, சி7 இரண்டுக்கும் முகப்பு முழு மரம். பக்கமும் முதுகும் பிளைவுட். இதில் தப்பு ஒன்றும் இல்லை, முகப்புதான் முக்கியம். எல்லாமே முழு மரம் வேண்டுமென்றால் சி9, சி10 என்று மேலே போக வேண்டும். கோர்டோபா அமெரிக்கக் கம்பெனி. இந்த வரிசைக் கிடார்கள் தயாராவது சீனாவில். அல்ஹம்ப்ரா 1965-லிருந்து ஸ்பெயினின் அலிகாந்தே பக்கம் இயங்கும் தொழிற்சாலை. ராமிரெஸ் மாட்ரிட்டில் 1882-ல் தொடங்கிய குடும்பப் பட்டறை. 1960-களில் சீடர் முகப்பைப் பிரபலமாக்கியதும் அவர்கள்தான். ஆனால் அந்தப் பட்டறையில் கையால் செய்யும் கிடார் உங்கள் தொகைக்குள் வராது; வெறும் பெயருக்காக அங்கே போக வேண்டாம்.

ஸ்புரூஸா சீடரா? சீடர் வாங்கிய அன்றே கனிந்து பேசும். ஆனால் மெது மரம், நகம் பட்டால் பள்ளம் விழும். ஸ்புரூஸ் கொஞ்சம் தெளிவாக, இறுக்கமாக இருக்கும், வாசிக்க வாசிக்கத் திறக்கும். உங்கள் மகள் வருடக்கணக்கில் வாசிக்கப்போகிறாள் என்பதால் நான் ஸ்புரூஸ் பக்கம்தான் சாய்வேன். அவளையே இரண்டையும் வாசிக்கச் சொல்லி, நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள்.

பில்லில் மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை எழுதச் சொல்லுங்கள். 'சாலிட் டாப்' (முழு மர முகப்பு) என்றும் எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் கிளாசிக்கல் கிடாருக்கு ஸ்டீல் தந்தி போடலாமா? சத்தம் நன்றாக வரும் என்கிறான் தம்பி.
- வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டவே வேண்டாம். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீலில் லைட் செட் போட்டாலே 70 கிலோ வரும். முகப்பு வயிறு தள்ளும், ஒருநாள் குதிரை பெயர்ந்து கையோடு வந்துவிடும். தந்தி பழசாகியிருந்தால் புது நைலான் செட் போடுங்கள், சத்தம் தானாகத் திரும்பும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் என் கிடார் தந்தி உயர்ந்து, அழுத்தவே விரல் வலிக்கிறது. சித்திரையில் சரியாகிவிடுகிறது. கிடாரில் கோளாறா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கோளாறில்லை, மரம் ஈரத்தைக் குடிக்கிறது. முகப்பு உப்பினால் குதிரை மேலே வரும், அதோடு தந்தியும் உயரும். கிடாருக்கு ஒத்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வடகிழக்கு மழையில் நம் ஊர்க் காற்று அதைவிட எவ்வளவோ ஈரம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு சின்ன ஈரமானியும் வையுங்கள். ஆற்றைப் பார்த்த சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கோடையில் நிலைமை தலைகீழ்: இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் திறந்து வைத்தால் மரம் வறண்டு முகப்பில் விரிசல் விழும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனால் குதிரையின் பசை இளகிவிடும்.

12-ஆம் மெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்திக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். மேல்ஸ்தாயித் தந்தி 3 மி.மீ., கீழ்ஸ்தாயித் தந்தி 4 மி.மீ. அளவில் இருந்தால் சரி. மாசி, பங்குனியில் காற்று காய்ந்த பிறகும் அதற்கு மேலேயே நின்றால், குதிரையின் மேல் தந்தி உட்காரும் எலும்புத் துண்டைக் கொஞ்சம் தேய்த்து இறக்க வேண்டும். அதை மழைக்காலத்தில் செய்யச் சொல்லாதீர்கள். கோடையில் பலகை இறங்கும்போது தந்தி மெட்டில் உரசி இரையும்.