பெட்ரோல் ஜீப்புக்குள் டீசல் எஞ்சின்: கேள்வி பதில்

கே: அண்ணே, என்னுடையது லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குலம், 2.25 லிட்டர் பெட்ரோல். பழைய லாரியிலிருந்து இறக்கிய இசுசு 4பிடி1 டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது. உட்காருமா? (ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்)

ப: உட்காரும் தம்பி, கியர்பாக்ஸ்தான் தாங்காது. ஆஸ்திரேலிய ராணுவத்தின் பெரென்டி வண்டிகளில் இதே 3.9 லிட்டர் எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினார்கள். ஆனால் அதன் பின்னால் அதைத் தாங்கும் எல்டி95 கியர்பாக்ஸை வைத்தார்கள். உங்கள் பெட்ரோல் எஞ்சினின் டார்க் (முறுக்கு விசை) சுமார் 160 நியூட்டன் மீட்டர். 4பிடி1 டர்போ இல்லாமலே 250ஐத் தொடும். முதலில் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் முறியும், அது தப்பினால் கியர் பல். எடை முன் ஸ்பிரிங்கை அமுக்கும். லாரி ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டாக இருக்கும், உங்கள் வண்டியோ 12. கியர்பாக்ஸை மாற்றப் போவதில்லை என்றால், டர்போ இல்லாத 2.8 லிட்டர் இசுசு 4ஜேபி1 போதும். லேண்ட் ரோவரின் 200டிடிஐ டீசல் எஞ்சின், கியர்பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தட்டு இல்லாமலே சேரும். அதிலும் டர்போவைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. காரணம் இதே டார்க்தான்.

கே: அடாப்டர் தட்டு வைத்து 4ஜேபி1 பொருத்தியாகிவிட்டது. கிளட்சை விடும்போது வண்டி உதறுகிறது, கியரும் முரண்டு பிடிக்கிறது. கிளட்ச் தட்டு புதிது. (உட்லண்ட்ஸ்)

ப: கிளட்ச் தட்டின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மையத்தில் இல்லாமல் தவறியிருக்கும். கியர்பாக்ஸை இறக்குங்கள். பிளைவீலில் டயல் கேஜைப் (நுண்ணளவு மானி) பொருத்தி, அதன் முள் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடுத் துளையைத் தொடும்படி வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். போல்ட் துளையில் எப்போதும் இடைவெளி இருக்கும், அதனால் போல்ட் மையம் பிடிக்காது. துளையில் இறுக்கமாக உட்காரும் டவல் பின்தான் பிடிக்கும். தட்டை நகர்த்தி அளவு சரியானதும் போல்ட்டை இறுக்கி, துளையைத் துல்லியமாக்க ரீமர் விட்டு, இரண்டு டவல் பின் அடியுங்கள்.

கிராங்கின் முனையிலுள்ள பைலட் புஷ்ஷையும் பாருங்கள். தட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பின்னால் போயிருக்கும். முனை புஷ்ஷுக்குள் அரைகுறையாக நுழைந்தால் நீளமான புஷ் கடைந்து போடுங்கள். மாறாக, முனை துளையின் அடியில் முட்டினால் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து எஞ்சினே போய்விடும்.

கே: டொயோட்டா எஃப்ஜே40 ஜீப்பில் மெர்சிடிஸ் ஓஎம்617 டீசல் எஞ்சின். சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்பதில்லை, பிரேக்கும் கல் மாதிரி இருக்கிறது. இரண்டு கோளாறா? (யீஷூன்)

ப: பெரும்பாலும் ஒன்றுதான்: வேக்யூம் (வெற்றிட உறிஞ்சல்) கசிவு. இந்த ஐந்து சிலிண்டர் எஞ்சினை நிறுத்துவதே வேக்யூம். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். குழாய் இணைப்புகள், பூஸ்டரின் ஒருவழி வால்வு, பம்பின் டயஃப்ரம், இந்த வரிசையில் சோதியுங்கள். சரியாகும்வரை வண்டியைச் சாலையில் எடுக்கவே வேண்டாம். இன்ஜெக்ஷன் பம்பில் கையால் அழுத்தும் ஸ்டாப் நெம்புகோல் இருக்கிறது, அது எங்கே என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

கே: பழைய பெட்ரோல் டாங்கே போதுமா? (தெம்பனிஸ்)

ப: துரு நீக்கிச் சுத்தம் செய்தால் போதும். ஆனால் டீசல் பம்ப் மிச்ச எரிபொருளைத் திருப்பி அனுப்பும். அதற்கு டாங்கில் தனி ரிட்டர்ன் குழாய் வேண்டும். நம் ஊர் ஈரத்துக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். மலேசியாவின் ஜொகூரில் டீசல் நிரப்பினால் அதில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கும். பி10 என்றால் 10 விழுக்காடு. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறிக் கசியும், வைட்டான் குழாய் போடுங்கள்.

கே: அனுமதி? ஜொகூரில் பதிந்து வைத்துக்கொண்டால் என்ன? (பிடோக்)

ப: எஞ்சின் மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், கழற்றுவதற்கு முன்பே. ஜொகூரில் பதிந்தால் அங்குள்ள சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி. அந்த வண்டியை இங்கே குடியிருப்பவர் இங்கே ஓட்ட முடியாது.

கே: சீரிஸ் 3, 4ஜேபி1. 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் அலறுகிறது. (சுவா சூ காங்)

ப: 4.7 கியர் விகிதமுள்ள டிஃபரன்ஷியல், 7.50-16 டயர் என்றால் அந்த வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று ஓடும். ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரன்ஷியலை முன்னும் பின்னும் போட்டால் 2,400க்கு இறங்கும். ஒன்று மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் கியர் உடையும். இன்னொன்று: வேக மீட்டர் கேபிள், டிஃபரன்ஷியலுக்கு முன்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து வருகிறது. அதனால் மாற்றிய பிறகு அது 68 காட்டும்போது நீங்கள் 90இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டரைத் திருத்தாமல் பிஐஇ விரைவுச்சாலையில் ஏறாதீர்கள்.