புதிய லேப்டொப்பைத் தவணையில் வாங்குவதா, பழையதைத் திருத்துவதா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகக் கற்கை முதலாம் வருடத்தில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் 2017இல் வாங்கிய லேப்டொப் ஒன்று இருக்கிறது: இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். திறக்கவே பல நிமிடங்கள் எடுக்கிறது, பற்றரி அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்), 8 ஜிபி ரேம், பற்றரி மூன்றையும் மாற்ற 38,000 ரூபா ஆகும் என்று திருத்துபவர் சொன்னார். கடைக்காரரோ இதற்குக் காசு செலவழிப்பது வீண் என்று சொல்லி, 215,000 ரூபா லேப்டொப் ஒன்றை மாதம் 13,000 ரூபாவாக 24 தவணைகளில் தருவதாகச் சொல்கிறார். வட்டி மாதம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்றும், இப்போது எடுக்காவிட்டால் விலை கூடும் என்றும் சொல்கிறார். தேசிய சேமிப்பு வங்கியில் 90,000 ரூபா இருக்கிறது, இரண்டு பவுண் சங்கிலியும் இருக்கிறது. அதை அடகு வைத்து வாங்கலாமா? கணவரின் போன் டிஸ்பிளேயும் உடைந்து பாதித் திரையில் தொடுகை வேலை செய்யவில்லை, அதற்கு 16,500 கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: சகோதரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கடைசியில் எழுதிய போனிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலுள்ள இரண்டு கருவிகளில் இன்றைக்கு வருமானம் தேடித் தருவது அதுதான். நிலாவெளிப் பக்க விடுதிகளில் தங்குகிறவர்கள் ஹயருக்கு அழைப்பதும், வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்புவதும், விலை பேசுவதும் அந்தத் திரையில்தான் நடக்கும். பாதித் திரை செத்த போனில் தவறவிடும் ஹயர்களின் காசு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை என்பதால், அந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே சேமிப்பில் முதல் 16,500 ரூபா அங்கே போகட்டும். திருத்தக் கொடுக்கும்போது போடப்போவது ஒரிஜினல் டிஸ்பிளேயா கொப்பியா என்று கேட்டு, அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கொப்பியின் விலைக்கும் ஒரிஜினலின் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிறியதல்ல. வெயிலில் நின்று திரையைப் பார்க்க வேண்டிய ஆட்டோ ஓட்டுநருக்கு மங்கலான கொப்பித் திரை ஒவ்வொரு நாளும் தொல்லை கொடுக்கும்.

இனி லேப்டொப்புக்கு வருவோம். கடைக்காரர் சொன்ன கணக்கை முதலில் விரித்துப் பார்க்க வேண்டும். 13,000 ரூபாவை 24 மாதம் கட்டினால் 312,000 ரூபா. பொருளின் விலை 215,000, எனவே வட்டி மட்டும் 97,000. இந்த 97,000ஐ 24ஆல் பிரித்து 215,000இன் பங்காகப் பார்த்தால் மாதம் 1.88 சதவீதம் என்று வரும். ஆகையால் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் ஒவ்வொரு மாதமும் முதல்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். இருபதாம் மாதத்தில் உங்கள் கையில் எஞ்சியிருக்கும் கடன் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லாதபோதும், வட்டி மட்டும் முழு 215,000க்கும் போடப்படுகிறது. குறைந்துசெல்லும் நிலுவைக்கே வட்டி என்று வைத்துக் கணக்கிட்டால் இது மாதம் சுமார் 3.2 சதவீதம், ஆண்டுக்கு 38 சதவீதத்துக்கும் மேல். தவணைக்குப் பொருள் எடுக்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கைக்காசுக்கு என்ன விலை, எல்லாத் தவணைகளையும் கூட்டினால் எவ்வளவு. மாத வட்டி எத்தனை சதவீதம் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விலை கூடிவிடும் என்ற பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2022 மார்ச்சில் ரூபா சரிந்தபோது ஒரு சில வாரங்களுக்குள் இறக்குமதிப் பொருள்களின் விலை எங்கே போனது என்பதை எல்லோரும் பார்த்தோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாக உயர்ந்து, அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசிகளும் அதற்குள் வந்தன. ஆனாலும் உங்கள் தவணைத் திட்டம் இன்றைக்கே அந்த லேப்டொப்பின் விலையை 45 சதவீதம் கூட்டிவிடுகிறது. நாளை விலை உயரலாம் என்ற சந்தேகத்துக்காக, இன்றைக்கே நிச்சயமான 45 சதவீத உயர்வை ஏற்பதில் நியாயமில்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் வருமானம் வரும் விதம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் வருவது ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கி மாரி மழை பிடித்தால் ஆட்டோவுக்கு ஓட்டம் குறையும். தவணை அப்படிக் குறையாது. ஓகஸ்டில் கட்டிய அதே 13,000ஐ டிசம்பரிலும் கட்ட வேண்டும். தவறினால் தண்டப்பணம் சேரும். சீசன் வருமானத்தில் வாழும் குடும்பம் மாதந்தோறும் மாறாத தவணைக்குள் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடன் ஓட்டத்துக்கு உதவும் கருவிக்காக இருக்க வேண்டும், மாரிமாதங்களின் வருமானத்திலும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்தப் பழைய லேப்டொப் இன்னும் பாவிக்கக்கூடியதா என்றால், நீங்கள் எழுதியதைப் பார்க்கையில் ஆம் என்பதே என் எண்ணம். திறக்கப் பல நிமிடங்கள் எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் போதாத ரேமும்தான். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் தகவலை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடுக்கத் தொடங்குகிறது, ஏற்கெனவே மெதுவான டிஸ்க் அங்கேயே மூச்சுத் திணறுகிறது. வணிகக் கற்கைக்குத் தேவையான கட்டுரை, கணக்குத் தாள், விளக்கக்காட்சி, இணையவழி விரிவுரை ஆகியவற்றுக்கு ஏழாம் தலைமுறை ஐ5, எஸ்.எஸ்.டி.யும் 8 ஜிபி ரேமும் கிடைத்தால் தாராளமாகப் போதும். 38,000 ரூபா புதிய லேப்டொப்பின் விலையில் 18 சதவீதத்துக்கும் குறைவு. திருத்தச் செலவு புதியதன் விலையில் கால் பங்கைத் தாண்டாதவரை, தாய்ப்பலகை (மதர்போட்) நல்ல நிலையில் இருந்தால், திருத்துவதே பெரும்பாலும் சரி.

ஒரு உண்மையான குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏழாம் தலைமுறையில் சில சிப்கள் தவிர மற்றவை அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுப் பாவனையாளர்களுக்கான நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிந்தால் விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டு லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் வேலை செய்யலாம், அதற்குக் காசில்லை. மகள் இப்போதே மூத்த மாணவர்களிடம் கேட்டு வைக்கட்டும்: மூன்றாம், நான்காம் வருடத்தில் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதும் கட்டாயமா? அதற்குரிய பதிலைப் பொறுத்தே இந்த லேப்டொப்புக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதை நிர்ணயிக்க முடியும்.

ஆனால் 38,000ஐயும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதலில் அடிமூடியைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். கடலோர வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாவித்த கருவிகளில் சார்ஜர் குத்தும் இடத்திலும் திருகாணிகளைச் சுற்றியும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். உப்புக் காற்று தாய்ப்பலகையின் தடங்கள்வரை போயிருந்தால் திருத்தத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறதா, மாற்றக்கூடிய செருகியில் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். எல்லாம் சரியென்றால் எஸ்.எஸ்.டி.யை மட்டும் முதலில் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு ரேம், கடைசியில் பற்றரி. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி புடைத்திருந்தாலோ இந்த வரிசை மாறும். வீங்கிய பற்றரியை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது, அது தீப்பிடிக்கக்கூடியது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு வாங்கி வந்து, யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டால் மகளின் பாடங்களுக்கு மேலதிகப் பிரதி வைக்க உதவும்.

சங்கிலியைத் தொடவே வேண்டாம். கடன் தவிர்க்க முடியாத நாள் வந்தால், அரச வங்கியில் அடகு வைப்பது இந்தத் தவணையைவிடப் பெரும்பாலும் மலிவு. வட்டி நிலுவைக்கு மட்டுமே ஓடும், கையில் காசு வரும்போது பகுதியாகவும் கட்டலாம். ஆனால் அந்த நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ, மாரியில் ஆட்டோ எஞ்சின் வேலைக்காகவோ வரட்டும். போனுக்கும் லேப்டொப்புக்குமாக 54,500 போனால் வங்கியில் 35,500 மிஞ்சும். அதை அவசரத்துக்கென்று விட்டுவிட்டு, தவணை கட்ட நினைத்த காசில் மாதம் 10,000ஐ சீசனின் ஆறு மாதங்களில் மட்டும் தனிக் கணக்கில் போட்டால், இரண்டு வருடத்தில் 120,000 சேரும். மூன்றாம் வருடத்தில் புதியது தேவைப்பட்டால், வட்டி இல்லாமல் வாங்குவதற்கான பெரும்பகுதிக் காசு அப்போது உங்களிடம் இருக்கும்.

அந்த நேரத்தில் பாவித்த அலுவலக லேப்டொப் ஒன்றும் நல்ல தெரிவாக இருக்கலாம். எட்டாம் தலைமுறைக்குக் குறையாததா, ரேமை இன்னும் கூட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் கடையுடையதா முகவருடையதா என்று கேளுங்கள். கொழும்புக்கு அனுப்பித் திருத்த வேண்டிய உத்தரவாதமென்றால், பரீட்சைக் காலத்தில் மகளுக்கு லேப்டொப் இல்லாத வாரங்களும் அந்த விலையில் அடங்கும்.

போனைத் திருத்த முடியாது என்று சொல்லிப் பாவித்த போன் வாங்க நேர்ந்தால், *#06# என்று அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, முன்னால் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் வைத்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்த்த பின்பே காசைக் கொடுங்கள். திருத்தியவர் எழுதித் தந்த உத்தரவாதத்தை மதிக்காவிட்டால், பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் முறையிடலாம். பில் இல்லாமல் முறைப்பாட்டை நிரூபிப்பது கடினம், ஆகவே அதை லேப்டொப் பையிலேயே வைத்திருங்கள்.