போர்டில் ஒரு டாக்டர் போதுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவர் சிரிஞ்ச் பம்ப் (சிரிஞ்சிலிருந்து நோயாளிக்கு மருந்தை மெதுவாகச் செலுத்தும் கருவி) தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறார். இயக்குநர் குழுவில் சேரும்படி கேட்கிறார். கணக்கு வழக்கு எனக்குத் தெரியும், மருத்துவம் தெரியாது. அமெரிக்காவில், விரல் நுனியில் எடுத்த சில சொட்டு ரத்தத்திலேயே பரிசோதனை செய்வதாகச் சொல்லி ஏமாற்றிய தெரனோஸ் என்ற கம்பெனி விழுந்த கதையைப் படித்ததிலிருந்து தயக்கமாக இருக்கிறது. போர்டில் டாக்டர்கள் இல்லாததால்தான் ஏமாந்தார்கள் என்கிறார்கள். இங்கே ஒரு டாக்டரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் போதுமா? நான் என்னவெல்லாம் கேட்க வேண்டும்? இயக்குநர்களுக்கான காப்பீடு எடுத்துவிட்டால் பாதுகாப்புதானே?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

டாக்டர் இல்லை என்பதே சரியில்லை. தெரனோஸ் போர்டில் இருந்த பில் ஃப்ரிஸ்ட், செனட்டராவதற்கு முன் இதய மாற்று அறுவை செய்தவர். பிறகு வந்த வில்லியம் ஃபேகி, அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் முன்னாள் தலைவர். பெரியம்மை ஒழிப்பில் பெரும் பங்கு அவருடையது. ஆனால் இதயத்தை மாற்றி வைப்பது ஒரு திறமை, விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் பொட்டாசியம் அளவு சரியாக வருமா என்று சந்தேகப்படுவது வேறொரு திறமை. விரலைப் பிதுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்துவிடும். அளவு பொய்யாகக் கூடும். லேப் நடத்துபவர்களுக்கு இது பாலபாடம்.

மற்றவர்கள் யார் என்று பாருங்கள். 2011-ல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் சேர்ந்தார். அடுத்தடுத்து ஹென்றி கிஸ்ஸிங்கர், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ் என்று வந்தார்கள். போர் நடத்தவும் உடன்படிக்கை போடவும் இதைவிட நல்ல குழு அமையாது. இந்தப் பெயர்களே முதலீட்டாளர்களுக்குத் தைரியம் கொடுத்தன; 2014-ல் கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

என் பார்வையில் அந்த போர்டு தோற்றது இரண்டு இடங்களில். இரண்டுமே மருத்துவம் தெரியாதவர் சரிபார்க்கக்கூடியவை.

முதலாவது, வாக்கு. தெரனோஸை நிறுவி நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் வைத்திருந்த வகைப் பங்கு ஒன்றுக்கு 100 வாக்கு. மொத்த வாக்கில் 99 சதவீதத்துக்கும் மேல் அவர் கையில். போர்டு கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்குதான் என்றாலும், இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் பங்குதாரர்கள். அவரை எதிர்த்து வாக்களிப்பவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நம் ஊரிலும் கம்பெனிச் சட்டம் 169-வது பிரிவின்படி சாதாரணத் தீர்மானத்தாலேயே இயக்குநரை நீக்க முடியும். ஆகவே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் கம்பெனியின் சங்க நடைமுறை விதிகளையும் (ஆர்ட்டிகிள்ஸ்) பங்குதாரர் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். நிர்வாக இயக்குநரை மாற்ற, ஆடிட்டரை மாற்ற, விற்ற சரக்கைத் திரும்பப் பெற யாருடைய சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது? மூன்றுக்கும் நிறுவனர் ஒருவரே போதும் என்றால் உங்களைக் கூப்பிடுவது லெட்டர்ஹெட்டுக்காக.

இரண்டாவது, தகவல் வந்த வழி. தெரனோஸ் 200-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் செய்வதாகச் சொன்னது. அதன் சொந்தக் கருவியான எடிசனில் ஓடியவை சுமார் 12 மட்டுமே. மற்றவை சீமென்ஸ் போன்ற வெளிக் கம்பெனிகளின் இயந்திரங்களில் ஓடின. சிலவற்றைத் திருத்தி, சிறு ரத்த மாதிரியை நீர்க்கச் செய்து ஓட்டினார்கள். வெளி இயந்திரங்கள் இந்த அளவுக்குப் பயன்பட்டது பத்திரிகைச் செய்தி வந்த பிறகுதான் தெரியும் என்று மாட்டிஸ் 2021-ல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். போன மாதம் எத்தனை ரிசல்ட் கொடுத்தோம், அதில் நம் கருவியில் எத்தனை? இதைக் கேட்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம். கடன் பட்டியலில் வாராக்கடன் எத்தனை என்று கேட்டுப் பழகியவருக்கு இது வாய்ப்பாடு.

உண்மை அந்த போர்டின் வாசல்வரை வராமலும் இல்லை. ஷுல்ட்ஸின் பேரன் டைலர் அங்கேயே வேலை பார்த்தவர். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் தரக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் தவறுவதைப் பார்த்து, நிர்வாகத்துக்கு எழுதி, தாத்தாவிடமும் சொன்னார். தாத்தா நம்பியது ஹோம்ஸை. ஊழியர் ஒருவரின் புகார் நிர்வாகத்தின் கையைத் தாண்டி போர்டு மேஜைக்கு முறையாக வர வழி இருந்திருந்தால் அது ஒரு குடும்பத் தகராறாகச் சுருங்கியிருக்காது. இந்தியாவில் 177-வது பிரிவு சொல்லும் புகார் ஏற்பாடு, பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், மக்களிடம் டெபாசிட் வாங்கியவற்றுக்கும், வங்கிக் கடன் 50 கோடி ரூபாயைத் தாண்டியவற்றுக்கும்தான் கட்டாயம். உங்கள் நண்பர் கம்பெனிக்குக் கட்டாயமாக இல்லாமல் போகலாம். இருந்தாலும் வைக்கச் சொல்லுங்கள். கூடவே, ஒவ்வொரு கூட்டத்திலும் தரப்பிரிவுத் தலைவரை நிர்வாக இயக்குநர் இல்லாமல் கால் மணி நேரம் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் மேற்கொண்டு யோசியுங்கள்.

இனி சிரிஞ்ச் பம்ப். அந்தக் கருவி மருந்தை நேரடியாக அளப்பதில்லை. பிளஞ்சரை (சிரிஞ்சின் தள்ளுகோலை) எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதை வைத்து, சிரிஞ்சின் உள்விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டு மில்லியில் காட்டுகிறது. 50 மில்லி சிரிஞ்ச் எல்லாமே ஒரே பருமன் இல்லை. பிராண்டுக்கு பிராண்ட் மாறும். 28 மி.மீ. என்று பம்ப் நினைத்திருக்க, உள்ளே இருப்பது 29 மி.மீ. என்றால் நோயாளிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகப் போகும். இத்தகைய பம்புகள் வழக்கமாக வாக்குக் கொடுப்பது 2, 3 சதவீதப் பிழைக்குள். அடுத்தது அடைப்பு அலாரம். மணிக்கு 1 மில்லி என்ற வேகத்தில் குழாய் மடங்கினால் அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். பெரிய சிரிஞ்சாக இருந்தால் அலாரம் அடிக்க அரை மணிக்கு மேல்கூட ஆகலாம். அதுவரை ஐசியூ நோயாளிக்கு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து போகாது, ரத்த அழுத்தம் விழும். பதறிப்போய் மடிப்பை எடுத்துவிட்டால் தேங்கியது மொத்தமாக உள்ளே பாயும்.

இரண்டு கோளாறையும் புகார்ப் பதிவேட்டில் எப்படி முடிப்பார்கள் தெரியுமா? ‘யூசர் எரர்’. நர்ஸ் தவறான பிராண்டைத் தேர்ந்தெடுத்தார், நர்ஸ் குழாயைக் கவனிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தால் நம்பலாம். நாலு ஆஸ்பத்திரியில் ஒரே தவறு நடந்தால் திரை வடிவமைப்பில் கோளாறு. ஆகவே மொத்தப் புகார் எண்ணிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் 100 பம்புக்கு மாதம் எத்தனை புகார், எத்தனை யூசர் எரராக மூடப்பட்டன, திருத்த நடவடிக்கைகளில் 90 நாளைத் தாண்டியவை எவை, ஒவ்வொன்றுக்கும் கெடு எத்தனை முறை தள்ளிப்போடப்பட்டது என்று கேளுங்கள். மென்பொருள் மாற்றியிருந்தால், அதன்பின் எந்தெந்த சிரிஞ்சுகளை வைத்து மறுபடி சோதித்தார்கள் என்ற அறிக்கையையும் சேர்த்து.

உங்களுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது: வாரண்டிச் செலவு. தரப்பிரிவு புகாரை மறைக்கலாம், ஆனால் இலவசமாக மாற்றிக் கொடுத்த மோட்டாரும் பேட்டரியும் ஸ்டோர் கணக்கில் வெளியே போயிருக்கும். உற்பத்தி 10 சதவீதம் கூடும்போது மோட்டார் கொள்முதல் 40 சதவீதம் கூடியிருந்தால், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் மோட்டாரில் பிரச்சினை இருக்கிறது. டெமோவுக்கு விட்டு வந்த பம்பை விற்பனையாகக் காட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இந்தத் தொழிலில் அது பழைய வியாதி.

உரிமம்: சிரிஞ்ச் பம்ப் 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளில் சி வகுப்பு. மாநிலம் அல்ல, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுக்கும் எம்டி-9 உரிமம் இருக்க வேண்டும். எதிர்பாராத கடும் பாதிப்பு நேர்ந்தால், தெரிய வந்ததிலிருந்து 15 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். போர்டு கூடுவதோ வருடத்துக்கு நாலு முறை. அடுத்த கூட்டம்வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். அதே நாளில் இயக்குநர்களுக்கும் தகவல் போக வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

மினிட்ஸை (கூட்ட நடவடிக்கைக் குறிப்பை) அலட்சியமாக விடாதீர்கள். 149(12) பிரிவின்படி, நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர் போர்டு நடவடிக்கை வழியாகத் தெரிந்து, உடன்பட்டோ கவனமின்றியோ நடந்தவற்றுக்குப் பொறுப்பு. வரைவு 15 நாளில் வரும், திருத்தம் சொல்ல 7 நாள் உண்டு. நீங்கள் கேட்ட கேள்வி அதில் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். அமெரிக்காவில் ப்ளூ பெல் ஐஸ்கிரீம் கம்பெனியின் இயக்குநர்கள் மீதான வழக்கை 2019-ல் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் மேலே நடத்த அனுமதித்ததற்குக் காரணமே இதுதான்: லிஸ்டீரியா கிருமியால் மூன்று பேர் செத்திருக்க, உணவுப் பாதுகாப்பை போர்டு வாடிக்கையாகப் பேசியதற்கான தடயம் மினிட்ஸில் கிடைக்கவில்லை.

டாக்டர் வேண்டுமா என்றால், வேண்டும். பெரிய சர்ஜனைத் தேடாதீர்கள். தினமும் பத்துப் பம்பை ஓட விட்டு இரவில் அலாரம் கேட்டு எழுந்திருக்கும் ஐசியூ மயக்கவியல் நிபுணரையும், முடிந்தால் ஆஸ்பத்திரி பயோமெடிக்கல் இன்ஜினியர் ஒருவரையும் பாருங்கள். இருவருக்கும் கம்பெனியில் பங்கோ, பம்ப் வாங்கும் முடிவில் கையோ இருக்கக் கூடாது.

காப்பீடு எடுங்கள், ஆனால் வாசகத்தைப் படித்துவிட்டு. இயக்குநர் காப்பீட்டில் உடற்காயம், உயிரிழப்பு தொடர்பான கோரிக்கைகள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அதற்குத் தனியாகப் பொருள் பொறுப்புக் காப்பீடு வேண்டும். மோசடி நிரூபணமானால் இரண்டும் உதவாது. வழக்கு வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும் என்பதால், நீங்கள் விலகிய பிறகும் சில ஆண்டுகளுக்கு உங்களுக்குக் காப்பு தொடரும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.