மார்மன்களின் விசுவாசத்தைக் கிறிஸ்தவர்கள் பாரபட்சம் இல்லாமல் ஒப்பிட முடியுமா?

முடியும். ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைக்கத் துணிச்சல் வேண்டும், அவ்வளவுதான். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேலை பார்த்தபோது மார்மன்களோடு, அதாவது ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்களோடு, நெருங்கிப் பழகினேன்.

நம் ஆட்கள் முதலில் சிரிப்பது ஜோசப் ஸ்மித்தின் பொன் தகடுகளைப் பற்றித்தான். நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றில் புதைந்திருந்த தகடுகளைத் தேவதூதன் காட்டினான், அவற்றை மொழிபெயர்த்து 1830இல் மார்மன் நூலை வெளியிட்டார் என்பது அவர்கள் விசுவாசம். இதைக் கேலி செய்பவர் பைபிளில் பிலேயாமின் கழுதை பேசியதைக் கேள்வி கேட்காமல் நம்புகிறார். பழைய அற்புதம் என்றால் பக்தி, இருநூறு வருஷத்து அற்புதம் என்றால் மோசடியா?

அதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாது என்பதில்லை. மார்மன்களின் இன்னொரு வேதநூலான ஆபிரகாமின் புத்தகத்துக்கு மூலம் என்று ஸ்மித் சொன்ன எகிப்தியச் சுருள்களின் சில துண்டுகள் 1967இல் மறுபடி சபையின் கைக்கு வந்தன. அவற்றில் இருப்பது இறந்தவர்களுக்கான சடங்கு எழுத்து, ஆபிரகாம் அதில் இல்லை. மார்மன் சபையே இதை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. இது நியாயமான கேள்வி. அதே மாதிரி, பைபிள் சொல்கிறபடி லட்சக்கணக்கான இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறியதற்கு அகழாய்வுச் சான்று எங்கே என்று நம்மிடம் கேட்டால் நாமும் கோபப்படாமல் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் 1985இல் மார்மன் ஆலயம் கட்ட எதிர்ப்பு வந்தபோது, லுத்தரன் பேராயர் கிறிஸ்டர் ஸ்டென்டால் மூன்று விஷயம் சொன்னார். ஒரு மதத்தைப் பற்றி அதன் எதிரிகளிடம் கேட்காதீர்கள், அதில் இருப்பவர்களிடம் கேளுங்கள். உங்களிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். அவர்களிடம் உள்ள நல்லதைப் பார்த்துப் பரிசுத்தமாகப் பொறாமைப்படவும் மனதில் இடம் வையுங்கள்.

இரண்டாவதுதான் நமக்குக் கஷ்டம். 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் தராத சபை அது. பெரிய அநியாயம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களிலிருந்து வந்த நாம் எந்த முகத்தோடு அதை மட்டும் எடுத்துப் பேசுவது?

மூன்றாவதை நான் நேரில் உணர்ந்தேன். ஒரு ஞாயிறு அவர்கள் ஆராதனைக்குப் போயிருந்தேன். ரொட்டியும், திராட்சரசத்துக்குப் பதிலாகச் சின்னக் கோப்பைகளில் தண்ணீரும். பதினாறு பதினேழு வயதுப் பையன் முழங்காலிட்டு ஜெபத்தை வாசித்தான். அது வார்த்தை பிசகக் கூடாத ஜெபம். ஒரு சொல் தவறியது. முன்னால் இருந்த பிஷப், அதாவது அந்த ஊர்ச் சபையை நடத்துபவர், தவறு என்று மெதுவாகத் தலையசைத்தார். பையன் முதலிலிருந்து மறுபடி வாசித்தான். யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது, வாரநாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர். சபையின் பாரத்தை இப்படிச் சாதாரண ஆட்கள் சுமப்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருந்தது.

அப்புறம், அவர்கள் கிறிஸ்தவர்களா என்ற கேள்வி. இயேசுவை இரட்சகர் என்று மனதார நம்புகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிதாவும் குமாரனும் ஆவியானவரும் தனித்தனி ஆட்கள், பிதாவுக்கும் மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்கிறார்கள். அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் கத்தோலிக்கச் சபை சொன்னதற்கும் மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவம் பற்றிய இந்த வித்தியாசம்தான் முக்கியக் காரணம். அதைப் பாரபட்சம் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் திருவிருந்தில் சொல்லும், நான்காம் நூற்றாண்டில் உருவான நிசேயா விசுவாசப் பிரமாணத்தின்படி பார்த்தால் உங்கள் போதனை பொருந்தவில்லை என்று ஒரு மார்மன் நண்பரிடமே சொன்னேன். "அந்தப் பிரமாணத்தை நாங்கள் ஏற்கவே இல்லையே, அதற்கு முன்னால் இருந்த சபைக்குத் திரும்பியதாகத்தானே நம்புகிறோம்" என்றார். அங்கிருந்துதான் எங்கள் பேச்சே சரியாக ஆரம்பித்தது.