ரேகை தேய்ந்த விரலும் ஒரு பாடம்தான்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் படிக்கிறாள். கல்லூரியில் 'அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்' படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா? வேலை கிடைக்குமா?

பதில்: உண்டு. எஸ்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1960களிலும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1976இலும் தொடங்கிவிட்டார்கள்.

என்ன படிக்கிறார்கள்? ரேஷன் கடைக் கைரேகைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்த விரலை அது பல நேரம் ஏற்பதில்லை. எத்தனை சதவீதம் பிழை என்று பொறியாளர் கணக்கிடுவார். தேயாத விரல்தான் எல்லோருக்கும் இருக்கும் என்று முடிவு செய்தது யார், கருவி மறுத்தால் அன்றைய அரிசிக்கு யார் பொறுப்பு என்று இந்தத் துறைக்காரர் கேட்பார். பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காயும் அப்படித்தான். 2009 அக்டோபரில் அதைப் பயிரிட அரசின் நிபுணர் குழு ஒப்புதல் தந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். விஞ்ஞானியின் சொல்லுக்கு எவ்வளவு எடை, விவசாயியின் சொல்லுக்கு எவ்வளவு? மரபணுவியலும் தெரிய வேண்டும், அரசியலும் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் போன்ற பல்கலைக்கழகங்களில் இளநிலையிலேயே படிக்கலாம். செலவு உங்களுக்கே தெரியும். நம் நாட்டில் இளநிலையில் இந்தப் பெயரில் பட்டம் அரிது. டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தில் அறிவியல் கொள்கைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, ஆனால் அது ஆய்வு நிலையில். ஐ.ஐ.டி.களின் மானுடப் புலங்கள் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறைகளிலும் முனைவர் பட்டத்துக்கு முயலலாம்.

என் யோசனை: முதலில் பி.எஸ்சி.யோ பொறியியலோ முடிக்கட்டும். கூடவே சமூகவியல், புள்ளியியல் தாள்கள் கிடைத்தால் விடக்கூடாது. மண் பரிசோதனை எப்படி நடக்கிறதென்றே தெரியாமல் மண்வள அட்டையை அலசுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்!

சரி, வேலை? வளாகத் தேர்வில் வரிசையாக அழைப்பு வராது. கொள்கை ஆய்வு நிறுவனங்கள், அறிவியல் இதழியல், தொண்டு நிறுவனங்கள், பயனர்களை ஆராயும் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று தேடித்தான் போக வேண்டும். கல்லூரியில் கற்பிக்க முனைவர் பட்டம் வரை பொறுமை வேண்டும்.

இந்த விடுமுறையில் ஒரு வாரம், தினமும் ஒரு மணி நேரம் ரேஷன் கடையில் ஒரு நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். யார் விரல் மறுக்கப்பட்டது, கடைக்காரர் என்ன செய்தார் என்று எழுதட்டும். இரண்டாம் நாளே அலுத்துவிட்டால், விண்ணப்பம் போடுமுன் இன்னொரு முறை பேசிப் பாருங்கள்.