கேட்பாரற்ற சரக்கை ஏலத்தில் எடுக்கலாமா?

அமெரிக்காவில் வாடகை பாக்கிக்காகச் சேமிப்பு அறைகளை அப்படியே ஏலம் விடுகிறார்கள். சென்னையிலும் அப்படி எடுக்க முடியுமா? (வேளச்சேரி வாசகர்)

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பி, கெடு முடிந்ததும் ஏலம். வாங்க வருபவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். பெட்டிகளைத் திறக்க முடியாது. இங்கே, கிடங்குக்காரரும் சாமான் வைத்தவரும் எழுதிய ஒப்பந்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்கிறவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குகிறவருக்கும் வராது. ஒப்பந்தத்தையும் நோட்டீஸ் நகலையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

துறைமுகத்தில் தேங்கிய கண்டெய்னர்களை எடுக்கலாமா? (தண்டையார்பேட்டை வாசகர்)

எடுக்கலாம். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 48-ஆவது பிரிவு: இறக்கிய 30 நாளுக்குள் எடுக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம். இப்போது பெரும்பாலும் இணையவழி ஏலம்தான். வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கும் இதில் வரும். மணலியில் 37 கண்டெய்னர்களில் ஏறக்குறைய 700 டன் அமோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடந்தது நினைவிருக்கும். 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே வேதிப்பொருள் வெடித்த பிறகுதான் அது அவசரமாக ஐதராபாத்துக்குப் போனது. அதுபோல உரிமம் தேவைப்படும் சரக்கின் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம்.

பார்வையிட ஒதுக்கிய நாளில் நேரில் போங்கள். படத்தை நம்பாதீர்கள். உள்ளே நிற்க இடமிருந்தால், துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தச் சொல்லிக் கூரையைப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாக மழை இறங்கியிருக்கும். கீழ்வரிசை அட்டைப்பெட்டியின் அடியை விரலால் அழுத்துங்கள். நமத்த அட்டை விரலோடு பிய்ந்து வரும். மேல்வரிசையை மட்டும் பார்த்து நான் ஒருமுறை துணி எடுத்தேன். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது.

ஆவேசத்தில் கூட்டிக் கேட்டுவிட்டால் பின்வாங்கலாமா? (பெரம்பூர் வாசகர்)

நேரடி ஏலத்தில், மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் விழும்வரை சட்டம் அனுமதிக்கிறது. இணைய ஏலத்தில் முன்பணம் பறிபோகலாம். நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள்.

கேட்ட தொகைதான் கடைசித் தொகையா? (அம்பத்தூர் வாசகர்)

இல்லை. ஜிஎஸ்டி, லாரி வாடகை, சுமைக்கூலி எல்லாம் அதன் மேல் வரும். கெடுவுக்குள் சரக்கை எடுக்காவிட்டால் தரைவாடகை வேறு.

ஏலத்தில் எடுத்த பீரோவில் யாருடையவோ சான்றிதழ்களும் போட்டோக்களும் இருக்கின்றன. என்ன செய்வது? (மயிலாப்பூர் வாசகி)

அம்மா, நீங்கள் கேட்டதே எனக்கு நிறைவாக இருக்கிறது. மாதவரத்தில் மூடிய கிடங்கு ஒன்றின் சாமான்களை எடுத்தபோது எனக்கும் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது. அந்துருண்டை வாசனையோடு ஒரு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், கல்யாணப் போட்டோ, நூல் கட்டிய சின்ன வெள்ளிக் கொலுசு. புத்தகத்தில் இருந்த பள்ளி மூலம் தேடியதில் ஏழு வாரம் கழித்து அந்தப் பெட்டிக்குச் சொந்தக்கார அம்மாவின் மகன் வந்தார். போட்டோவை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். கொலுசை அப்புறம்தான் பார்த்தார்.

ஏலம் விட்டவரிடம் எழுத்தில் தெரிவித்து, உரியவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் சான்றிதழ்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். போட்டோக்களை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.